இருக்கை உறையும் இல்லத்தாரின் கடமையும்

தலையணை உறையை வாரத்திற்கு ஒரு முறையேனும் மாற்றாத இல்லம் நம்மிடையே குறைவு. கட்டில் விரிப்பு ஒரு மாதம் துவைக்கப்படாமல் கிடந்தால் வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டே குறை கூறுவர். ஆனால் அதே இல்லத்தின் வாசலில் நிற்கும் காரின் இருக்கை உறையோ, வண்டி வாங்கிய வாரத்தில் மாட்டப்பட்டு, வண்டி விற்கப்படும் நாள்வரை ஒருமுறைகூடக் கழற்றப்படாமல் கிடப்பதைப் பரவலாகக் காண்கிறோம். தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்கும், மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் காரில் சென்று திரும்புவோர் நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் சாய்ந்திருக்கும் இடம் அது. குழந்தை உறங்கும் இடமும் அதுவே; பாட்டி கால் நீட்டி இளைப்பாறும் இடமும் அதுவே.

அவ்வுறையை இல்லத்திலேயே கழற்றி, தூய்மை செய்து, மீண்டும் செம்மையாக மாட்டுவது எங்ஙனம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம். இது தூய்மையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தவறாக மாட்டப்பட்ட உறை உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும் என்பதைக் கட்டுரையின் போக்கில் வாசகர்கள் உணர்வர்.

மழையும் நம் ஊரும்

தாம்பரம் சுற்று வட்டாரத்தில் வாழ்வோருக்கு மழைநீரும் காரும் சந்திப்பது புதிதன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரை புரண்டு, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின. 2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் புயல் மழையின்போதும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகள் உட்பட, தென்சென்னைப் புறநகரெங்கும் அதே துன்பம் நேர்ந்தது. பட்டறிவு ஆசானாயிற்று. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதை நாடே பார்த்தது.

வெள்ளம் வராத ஆண்டிலும் ஈரம் வரவே செய்கிறது. நனைந்த குடை, மழையில் ஓடி வந்து ஏறும் பள்ளிப் பிள்ளைகள், சரியாக மூடப்படாத கண்ணாடி ஆகிய இவை போதும். உறையின் மேற்புறம் அரை நாளில் உலர்ந்துவிடும். ஆனால் அடியிலுள்ள ஸ்பாஞ்சு, பானையைப் போல் நீரைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும். வெயில் காணாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், ஈரப்பட்ட ஸ்பாஞ்சில் ஓரிரு நாள்களுக்குள்ளேயே பூசணம் வேரூன்றத் தொடங்கும். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புழுங்கல் நாற்றம் அதன் முதல் அறிகுறியாகும். பலர் அந்நாற்றத்தை மறைக்க நறுமணப் புட்டியை வாங்கி முன்புறத்தில் ஒட்டி வைக்கின்றனர். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்குப் பூசணத்தின் நுண்துகள் கேடு செய்யும். வாசனைத் திரவியமும் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. நோயின் வேர் உறைக்கு அடியில் இருக்க, மருந்தை முகப்பில் தெளிப்பதால் பயன் என்ன?

மாறிவிட்ட இருக்கை

முற்காலத்துக் கார் இருக்கை எளிமையானது. நம் அண்டை ஊராகிய வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசிடரை அறியாதவர் இலர். அக்காலத்து இருக்கை, சுருள் கம்பியும் நாரும் பஞ்சும் கொண்டு அமைத்து, மேலே ரெக்ஸின் போர்த்தியது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்துத் தரும் துணி உறையை மாட்டி, நாடாவால் முடிச்சிட்டால் வேலை முடிந்தது. அவ்வுறையால் நன்மையன்றித் தீமை விளைய வழியில்லை.

இன்றைய இருக்கையோ ஓர் இயந்திரம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கும், 2022 தொடக்கத்திலிருந்து முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் என்னும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. இவை ஸ்டியரிங்கிலும் முகப்பிலும் இருப்பவை. இவற்றோடு, பல கார்களில் முன்னிருக்கையின் முதுகுச் சாய்வுக்குள்ளேயே, கதவை ஒட்டிய விளிம்பில், பக்கவாட்டுக் காற்றுப்பையும் பொருத்தப்படுகிறது. பக்கத்திலிருந்து மற்றொரு வண்டி மோதினால், ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அது இருக்கையின் தையலைப் பிளந்துகொண்டு விரிந்து, விலா எலும்பைக் காக்க வேண்டும். அதற்கென்றே அவ்விடத்துத் தையல் எளிதில் பிரியும் வண்ணம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் தடித்த ரெக்ஸின் உறையைச் சாதாரண நூலால் இறுகத் தைத்துப் போர்த்தினால், பை விரிவது தடைப்படும். அல்லது தவறான திசையில் விரியும். காக்க வேண்டியது காவாதொழியும்.

ஆகவே முதற்கண் செய்ய வேண்டியது ஒன்று. முன்னிருக்கையின் வெளிப்புற ஓரத்தில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று அச்சிட்ட சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியுடன் வந்த கையேட்டையும் புரட்டுங்கள். பக்கவாட்டுப் பை உண்டெனில், அவ்விடம் திறந்திருக்கும்படியோ, பிரியும் தையலுடனோ செய்யப்பட்ட உறையையே பயன்படுத்த வேண்டும். இப்போது மாட்டியிருக்கும் உறை அத்தகையதன்று எனில், கழற்றிய பின் அதை மீண்டும் மாட்டாதிருப்பதே அறிவுடைமை. கத்தரியால் ஓட்டை போட்டுக்கொள்ளலாமே என்று எண்ணவும் வேண்டா. வெட்டிய துணி இழை பிரிந்து சிக்கும். வெட்டிய இடமும் சரியாக அமையாது.

எதைக் கழற்றலாம், எதைத் தொடலாகாது

இருக்கையின் மேல் இரு வகை உறைகள் உள்ளன. ஒன்று, தொழிற்சாலையிலேயே ஸ்பாஞ்சுடன் சிறு கம்பி வளையங்களால் இறுக்கிப் பிணைத்த மூல உறை. மற்றொன்று, அதன்மேல் நாம் கடையில் வாங்கி மாட்டும் மேலுறை. இல்லத்தில் கழற்றத் தக்கது மேலுறை மட்டுமே. மூல உறையைப் பிரிப்பதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை. அது கிழிந்திருந்தால் குஷன் வேலை செய்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

முன்னிருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சில கம்பிகளும், மஞ்சள் நிற இணைப்புகளும் தென்படும். மஞ்சள் நிறம் காற்றுப்பைக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் உரிய அடையாளம். அவற்றை இழுக்கவோ, பிரிக்கவோ, ஈரத் துணியால் துடைக்கவோ கூடாது. இருக்கையையே வண்டியிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், பேட்டரி இணைப்பை நீக்கிச் சிறிது நேரம் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது; அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுக.

கழற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில், நிழலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். கையுறை ஒன்று அணிவது நலம். இருக்கையின் அடிச்சட்டத்தில் கூரிய தகட்டு விளிம்புகள் உண்டு. கைப்பேசியால் ஒவ்வோர் இருக்கையையும் முன்னும் பின்னும் அடியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கொக்கி எங்கே இருந்தது என்ற ஐயம் மாட்டும்போது எழுந்தால், அப்படமே விடை சொல்லும்.

முதலில் தலை சாய்க்கும் பகுதியை எடுக்க வேண்டும். அதன் இரு தண்டுகள் இறங்கும் குழாய்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே நேராக மேலே தூக்கினால் கழன்று வரும். கூரை இடித்தால் முதுகுச் சாய்வைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்னிருக்கைக்கு உரியதையும் பின்னிருக்கைக்கு உரியதையும் கலந்துவிடாமல் தனித்தனியே வையுங்கள்.

அடுத்து, அமரும் பகுதியும் முதுகுச் சாய்வும் கூடும் இடுக்கில் கையை விடுங்கள். உறையின் ஒரு மடிப்பு அவ்வழியே பின்புறம் தள்ளப்பட்டிருக்கும். பின்னிருக்கைப் பக்கம் சென்று, அம்மடிப்பைப் பிணைத்திருக்கும் கொக்கிகளையோ ஒட்டுப்பட்டையையோ விடுவியுங்கள். இருக்கையின் அடியில் எலாஸ்டிக் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, வளைந்த கம்பிக் கொக்கிகளால் சட்டத்தைப் பற்றியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கொக்கிகளை ஒரு கிண்ணத்தில் சேருங்கள். இழுத்து அறுக்க முயல வேண்டா. இருக்கையை முன்னே தள்ளியும் பின்னே தள்ளியும் பார்த்தால் கை எட்டும் இடம் கிடைக்கும். பின்பு முதுகுச் சாய்வின் ஜிப்பைத் திறந்து, சட்டையைத் தலைவழியே கழற்றுவது போல உறையைக் கீழிருந்து மேலாக, இரு புறமும் சமமாகச் சுருட்டி எடுங்கள்.

பின்னிருக்கையில் ஒரு வேறுபாடு உண்டு. பல கார்களில் அமரும் பகுதியின் முன்விளிம்பைப் பற்றி உயர்த்தினால் அது பிடிப்பிலிருந்து விடுபடும். சிலவற்றில் திருகாணி இருக்கும். கையேட்டைப் பார்த்தே செய்க. சீட் பெல்ட்டின் பூட்டுகள் எத்தனை, எவ்விடத்தில் நின்றன என்பதை இப்போதே எண்ணி மனத்தில் இருத்துங்கள். அதன் தேவை பின்னர் விளங்கும்.

உறைக்கு அடியில் ஒரு சிறு உலகமே காட்சி தரும். தொலைந்த நாணயம், வேர்க்கடலைத் தோல், முறுக்குத் துகள், பாதி தின்ற மிட்டாய் ஆகியன அங்கே கிடக்கும். சிரிப்புக்கு இடமானதெனினும் இதைப் புறக்கணித்தல் தகாது. அத்துகள்களை நாடி முதலில் கரப்பான் வரும். பின்னர் எலி வரும். எலி தின்பண்டத்தோடு நின்றுவிடுவதில்லை, கம்பிகளையும் கொறிக்கும். மழைக்காலத்தில் வளை நிரம்பிய எலிகள், நின்றிருக்கும் வண்டியை அடைக்கலமாகக் கொள்வது நம் புறநகரில் அடிக்கடி நேர்வதே.

துவைத்தலும் உலர்த்தலும்

துணி உறையெனில் ஒட்டுப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி மூடி, மென்மையான சோப்புத் தூளைக் கரைத்த குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, கையால் கசக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிட்டு நீர் வடியச் செய்யுங்கள். ரெக்ஸின், செயற்கைத் தோல் உறைகளை நீரில் அமிழ்த்தலாகாது. உட்புறத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய ஸ்பாஞ்சு பிரிந்துவிடும். ஈரத் துணியில் சிறிது சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, மறுபடி தூய நீர் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விரித்தால் போதும். கடும் வெயிலில் இட்டால் செயற்கைத் தோல் விறைத்து, பின்னர் வெடிக்கும். வெளுப்புத் தூளை எவ்வகை உறைக்கும் பயன்படுத்த வேண்டா.

உறை உலர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இருக்கையைக் கவனியுங்கள். தூசி இழுக்கும் கருவியால் மடிப்புகளையும் தண்டவாளப் பள்ளங்களையும் தூய்மை செய்யுங்கள். நாற்றம் இருந்தால் சமையல் சோடாவைத் தூவி ஓரிரவு விட்டு, மறுநாள் உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்சு ஈரமாயிருப்பின், உலர்ந்த பருத்தித் துண்டை வைத்து அழுத்தி அழுத்தி நீரை ஒற்றி எடுத்து, கதவுகளைத் திறந்து, மின்விசிறியை நேரே வைத்துக் காற்று செலுத்துங்கள். இதற்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகக் கூடும். உலர்ந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு: பழைய செய்தித்தாளை நான்காக மடித்து இருக்கையின் மேல் வைத்து, அதன்மீது ஓர் ஆள் சிறிது நேரம் அமர்ந்து எழட்டும். தாளில் ஈரம் ஏறியிருந்தால் இன்னும் பொறுத்திருங்கள். அரை ஈர இருக்கையில் உறையை மாட்டுவது பூசணத்திற்குப் போர்வை போர்த்துவதாகும்.

வெள்ளநீரே இருக்கைவரை ஏறியிருந்தால் நிலைமை வேறு. அந்நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அத்தகைய ஸ்பாஞ்சை வீட்டில் தூய்மை செய்ய முயல்வதைவிட மாற்றிவிடுவதே நலம். அடியிலுள்ள மின் இணைப்புகளும் நனைந்திருக்குமாதலால் சாவியைத் திருகிப் பார்க்கவும் கூடாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, முழுக் காப்பீடு இருப்பின் காப்பீட்டு நிறுவனத்திற்கு முதலில் தெரிவித்து, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மீண்டும் மாட்டும் முறை

மாட்டுவது கழற்றியதன் மறுதலை. முதுகுச் சாய்வின் உறையை மேலிருந்து கீழாக, இரு மூலைகளும் சரியாக அமரும்படி இறக்குங்கள். உறையின் தையற்கோடு இருக்கையின் தையற்கோட்டோடு பொருந்தி ஓட வேண்டும். கீழ் மடிப்பை இடுக்கின் வழியே தள்ளி, பின்புறத்தில் ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் முன்புறச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிடுங்கள். இவ்வேலைக்கு நான்கு கைகள் இருப்பது பெரிதும் துணை செய்யும். அடுத்து அமரும் பகுதியின் உறையை விரித்து, அடிப்பட்டைகளைக் கொக்கிகளால் பிணையுங்கள். எந்தக் கொக்கியும் கம்பியைப் பற்றலாகாது. எந்தப் பட்டையும் தண்டவாளத்தின் குறுக்கே செல்லலாகாது. முடிந்ததும் இருக்கையை முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தடங்கலின்றி நகர்ந்து, நிறுத்திய இடத்தில் "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும்.

தலை சாய்க்கும் பகுதியைச் செருகி, பூட்டும் ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள். அது கழுத்தைத் தாங்குவதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். பின்னாலிருந்து வண்டி மோதும்போது தலை பின்னுக்கு வீசப்படாமல் தடுப்பதே அதன் பணி. ஆகவே அதன் மேல்விளிம்பு, அமர்ந்திருப்பவரின் உச்சந்தலை அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும்.

பூட்டு எங்கே?

இனி, இக்கட்டுரையின் மிக இன்றியமையாத பகுதிக்கு வருகிறோம். நம் ஊர்க் கார்களின் பின்னிருக்கையைப் பாருங்கள். வழவழப்பான உறை, கண்ணுக்கு அழகாக, ஒரு மடிப்புமின்றி விரிந்திருக்கும். சீட் பெல்ட்டின் பூட்டு எங்கே என்று தேடினால் கிடைக்காது. அது உறைக்கு அடியில் புதைந்திருக்கும். உறை மாட்டியவர் அழகுக்காக அதை உள்ளே தள்ளிவிட்டார். உரிமையாளரும் அதைக் கேட்கவில்லை. பின்னால் அமர்வோருக்கு பெல்ட் எதற்கு என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம்.

அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் நாடு கண்டது. அகமதாபாத்திலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த உயர்தரக் கார் ஒன்று பால்கர் மாவட்டத்தில் பாலச் சுவரில் மோதியது. பின்னிருக்கையில் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்தவரும் உயிரிழந்தனர்; அவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை. முன்னிருக்கையில் இருந்த இருவர் காயத்துடன் உயிர் தப்பினர். விரைந்து செல்லும் வண்டி சட்டென நிற்கும்போது, உள்ளிருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. பின்னிருக்கையிலிருந்து பாய்பவர் தம்மை மட்டுமன்றி, முன்னே அமர்ந்திருப்பவரையும் நசுக்குவார்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்னோக்கி அமைந்த பின்னிருக்கையில் அமர்வோரும் பெல்ட் அணிய வேண்டும் என்கின்றன. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அணியாதவர்க்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட சிறுவரைப் பாதுகாப்பின்றி ஏற்றிச் செல்வதற்கும் அதே தொகைதான். அபராதம் கிடக்கட்டும். ஆண்டுதோறும் நம் குடும்பங்கள் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேளாங்கண்ணிக்குப் புறப்படுகின்றன. அந்நெடும்பயணத்தில் அவர்களைக் காக்கும் ஒரே கயிறு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கலாமா?

ஆகையால் உறையை மாட்டும்போது, நீங்கள் முன்னர் எண்ணி வைத்த பூட்டுகள் அனைத்தையும் வெளியே எடுங்கள். உறையில் அவற்றிற்குரிய திறப்பு இல்லையெனில், தையற்காரரிடம் கொடுத்துத் திறப்பு அமைத்து, விளிம்பு மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். குழந்தை இருக்கையைப் பொருத்தும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருப்பின் அவையும் கைக்கு எட்ட வேண்டும். பின்பு வீட்டார் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் அமர்ந்து, பெல்ட்டை இழுத்து, பூட்டில் செருகிப் பார்க்கட்டும். கடைசிப் பிள்ளையின் பூட்டும் ஓசையோடு அமர்ந்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

புது உறை வாங்குவோர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்குப் போனாலும், நம் முடிச்சூர் சாலைக் கடைக்குப் போனாலும், நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: பக்கவாட்டுக் காற்றுப்பைக்கு வழி விட்டிருக்கிறதா? பின்னிருக்கைப் பூட்டுகள் வெளியே நிற்குமா? வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போரும் தைப்போரும் தாமே திருந்துவர்.

ஆண்டுக்கு இரு முறை

மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்து பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்யும் நாள்களில் ஒரு முறை எனக் கணக்கு வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. முதல் முறை அரை நாள் பிடிக்கலாம். பழகிய பின் கழற்றுவதற்கு ஒரு மணி நேரம் மிகுதி. ஆண்மக்களின் வேலை என்றோ, ஓட்டுநரின் வேலை என்றோ இதை ஒதுக்க வேண்டா. தந்தை கொக்கியை விடுவிக்க, தாய் உறையைச் சுருட்ட, பிள்ளைகள் பூட்டுகளை எண்ணிச் சொல்லட்டும். பூட்டு இருக்கும் இடத்தைத் தன் கையால் தேடி எடுத்த சிறுவனுக்கு, வண்டியில் ஏறியதும் பெல்ட் அணியச் சொல்லி எவரும் நினைவூட்ட வேண்டியிராது.